தொட்டாதான் பொருளா? – டீச்சர் பதில்கள்

போன இதழ்ல ஒரு கேள்விக்கு பதில் சொல்லும்போது போற போக்குல "அப்ஸ்ட்ராக்ட் நவுன்னா கண்ணால பாக்க முடியாதது"ன்னு ஒரே வரியில எழுதிட்டு போயிட்டேன். தப்பு என்னோடதுதான். அந்த ஒரு வரிக்கு வந்த லெட்டரும் மெயிலும் வாட்ஸ்அப்பும் சேர்த்து பாத்தா இந்த தடவை வேற எதுக்கும் இடம் இல்ல, அதனால இந்த இதழ் முழுக்க நவுன்தான், அதாவது பெயர்ச்சொல்தான், பொறுத்துக்குங்க.

டீச்சர், பொண்ணு அஞ்சாவது படிக்கிறா. யூனிட் டெஸ்ட்ல வார்த்தைகளை அப்ஸ்ட்ராக்ட், கான்கிரீட்னு பிரிச்சு எழுத சொல்லியிருக்காங்க. 'விண்ட்'டை அப்ஸ்ட்ராக்ட்லயும் 'லவ்'வை கான்கிரீட்லயும் போட்டிருக்கா. ரெண்டும் தப்பு. ஏன்டி இப்படின்னா "காத்தை பாக்க முடியாதுல்ல, லவ்வை ஃபீல் பண்ண முடியுதுல்ல"ன்னு என்னையே திருப்பி கேக்குறா. எனக்கே பதில் தெரியல.
– ஒரு அம்மா, கரூர்

உங்க பொண்ணு நல்லாதான் யோசிச்சிருக்கா, அவளுக்கு கொடுத்த விதிதான் அரைகுறை. நான் போன இதழ்ல எழுதினதும் அதே அரைகுறைதான்.

முதல்ல காத்து. கண்ணு மட்டும் கணக்கு இல்லம்மா, அஞ்சு புலனும் கணக்கு. கண்ணு, காது, மூக்கு, நாக்கு, தோல், இதுல எது ஒண்ணுல பட்டாலும் அது கான்கிரீட். காத்து மேல படுது, புடவை தலைப்பை தூக்குது, ஜன்னலை அடிக்குது. மல்லிப்பூ வாசனை மூக்குல ஏறுது. இடிச்சத்தம் காதுல விழுது. வானவில்லை தொட முடியாது, ஆனா கண்ணுல தெரியுது. கரண்டை பாக்க முடியாது, ஆனா ஈரக் கையோட ஸ்விட்சை தொட்டவங்களை கேட்டு பாருங்க, அது கான்கிரீட்டா இல்லையான்னு அவங்க சொல்லுவாங்க. வைரஸ், அணு மாதிரி வெறும் கண்ணுக்கு தெரியாததும் கான்கிரீட்தான், ஏன்னா அது பொருள், நம்ம கண்ணுக்கு அவ்வளவு சக்தி இல்ல, அது நம்ம பிரச்சினை, பொருளோட பிரச்சினை இல்ல.

இப்ப லவ். இங்கதான் இங்கிலீஷ் குழந்தைங்களை ஏமாத்துது. தோலால தொட்டு உணர்றதுக்கும் 'ஃபீல்', மனசால உணர்றதுக்கும் 'ஃபீல்', ரெண்டுக்கும் ஒரே வார்த்தை. "ஃபீல் பண்ண முடிஞ்சா கான்கிரீட்"னு சொல்லிக் கொடுத்தா, லவ், ஃபியர், ஆங்கர் எல்லாத்தையும் ஃபீல் பண்றோமே, பின்ன அவ எங்க போடுவா? நீங்க தமிழ்லயே கேளுங்க, "கையில தொட்டு பாக்க முடியுமாடி, இல்ல மனசுல தோணுதா"ன்னு. தமிழ்ல கேட்டா இந்த குழப்பமே வராது.

அஞ்சு புலனை விட எனக்கு புடிச்ச வழி வேற ஒண்ணு இருக்கு, அது இந்த வார்த்தைக்குள்ளயே இருக்கு. அப்ஸ்ட்ராக்ட்னா லத்தீன்ல 'இழுத்து எடுத்தது, உருவி எடுத்தது'ன்னு அர்த்தம். இழுக்கிறதுக்கு அங்க 'டிராஹெரே'ன்னு ஒரு சொல், நம்ம வயல்ல ஓடுற டிராக்டர் கூட அதே வேர்ல இருந்து வந்ததுதான், இழுக்குற வண்டி. ஒரு தைரியமான ஆள் இருக்கார். ஆளை பாக்கலாம், மோதினா இடிக்கும். அவர்கிட்ட இருக்குற தைரியத்தை மட்டும் தனியா உருவி எடுத்து அதுக்கு ஒரு பேர் வச்சா பிரேவரி. அழகான பூவுல இருந்து அழகை மட்டும் உருவினா பியூட்டி. திருடன் பண்ற வேலையை மட்டும் உருவினா தெஃப்ட். குழந்தையா இருக்குற அந்த நிலையை உருவினா சைல்ட்ஹுட். குணம், செயல், நிலை, இந்த மூணுல ஒண்ணை உருவியிருந்தா அது அப்ஸ்ட்ராக்ட்.

அதனால பொண்ணுகிட்ட "இது யாரோடது?"ன்னு கேட்க சொல்லுங்க. லவ், யாரோட லவ்? அம்மாவோடது. பிரேவரி, யாரோடது? அந்த ஆளோடது. ஆள் இல்லாம அது தனியா நிக்காது. விண்ட் யாரோடது? யாரோடதும் இல்ல, அதுபாட்டுக்கு வீசுது. இந்த கேள்வி எல்லா இடத்துலயும் வேலை செய்யும்னு சொல்ல மாட்டேன், டைம், கெமிஸ்ட்ரி மாதிரி வார்த்தைகிட்ட போனா சறுக்கும். அஞ்சாங்கிளாசுக்கு போதும்.

நான் சைட் இன்ஜினியர். நாங்க போடுற கான்கிரீட்டும் கிராமர்ல வர்ற கான்கிரீட்டும் ஒரே வார்த்தையா? சின்ன வயசுல இருந்தே சந்தேகம், கேட்டா சிரிப்பாங்கன்னு கேட்கல.
– ஒரு வாசகர், ஓசூர்

ஒரே வார்த்தைதாங்க, இதுல சிரிக்க என்ன இருக்கு. லத்தீன்ல 'ஒண்ணா சேர்ந்து வளர்ந்து இறுகினது'ன்னு அர்த்தம். ஜல்லி, மணல், சிமெண்ட், தண்ணி எல்லாம் சேர்ந்து செட் ஆகி இறுகிப் போறதை நீங்க தினமும் பாக்குறீங்க, அதே படம்தான். இங்கிலீஷ்ல கிராமருக்கும் தர்க்கத்துக்கும் இந்த சொல் முதல்ல வந்துச்சு, கட்டட பொருளுக்கு அந்த பேர் 19-ம் நூற்றாண்டுலதான் ஒட்டிக்கிச்சு. சீனியர் கிராமர்தான்.

இந்த 'செட் ஆகுறது'ங்கிற படத்தை மறந்துடாதீங்க, கீழ இன்னொரு கேள்வியில தேவைப்படும்.

மேம், மியூசிக் எதுல வரும்? எங்க காலேஜ் லைப்ரரில இருக்குற ரென் அண்ட் மார்ட்டின் கிராமர் புக்ல அப்ஸ்ட்ராக்ட்னு போட்டிருக்கு. நெட்ல காதுல கேக்குறதால கான்கிரீட்னு சொல்றாங்க. எங்க ஹாஸ்டல்ல இதுக்கு சண்டையே நடந்துச்சு.
– பி.ஏ. மாணவி, திருநெல்வேலி

சண்டை போட்ட ரெண்டு பக்கமும் ஜெயிச்சீங்கன்னு சொன்னா நம்பவா போறீங்க, ஆனா அதுதான் உண்மை.

ரென் அண்ட் மார்ட்டின்ல குணம், செயல், நிலைன்னு சொல்லிட்டு அதுக்கப்புறம் கலை, அறிவியல் துறைகளோட பேரும் அப்ஸ்ட்ராக்ட்தான்னு சேர்த்திருப்பாங்க, உதாரணமா கிராமர், மியூசிக், கெமிஸ்ட்ரின்னு மூணு இருக்கும். அங்க மியூசிக்னா ஒரு கலை, ஒரு படிப்பு. "அவ மியூசிக் படிக்கிறா"ன்னு சொன்னா அங்க எந்த சத்தமும் கேக்கல, ஒரு துறையோட பேரை சொல்றோம், அது அப்ஸ்ட்ராக்ட். "பக்கத்து ரூம்ல மியூசிக் காதை கிழிக்குது"ன்னு சொன்னா அது சத்தம், அது கான்கிரீட். உங்க ஹாஸ்டல்ல ரெண்டாவதுதான் அதிகமா இருக்கும்னு நினைக்கிறேன்.

இதுல எனக்கு என்ன கோவம்னா, வாக்கியமே கொடுக்காம வெறும் வார்த்தையை மட்டும் வரிசையா எழுதி பிரிக்க சொல்ற கேள்வித்தாள் மேலதான். வார்த்தை தனியா நிக்கும்போது அது எந்த பக்கம்னு பாதி நேரம் சொல்லவே முடியாது. ஜஸ்டிஸ்னா நீதி, ஆனா கோர்ட்ல சீஃப் ஜஸ்டிஸ்னா கறுப்பு கோட்டோட உக்காந்திருக்குற மனுஷர். யூத்னா இளமை, ஆனா 'எ யூத்'னு முன்னாடி ஒரு 'எ' போட்டா பைக்ல போற ஒரு பையன். பியூட்டின்னா அழகு, 'எ பியூட்டி'ன்னா அழகான ஒருத்தி.

இன்னொண்ணும் சொல்லிடறேன். இது சுவர் மாதிரி நடுவுல நிக்கிற கோடு இல்ல. பெல்ஜியம் கென்ட் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் மார்க் பிரிஸ்பார்ட்டும் அவரோட வேலை செஞ்சவங்களும் கிட்டத்தட்ட 40,000 இங்கிலீஷ் வார்த்தையையும் சொற்றொடரையும் எடுத்து, 4,000 பேருக்கு மேல இணையத்துல கொடுத்து, ஒவ்வொண்ணும் எவ்வளவு கான்கிரீட்னு 1-ல இருந்து 5 வரைக்கும் மார்க் போட சொன்னாங்க, 2014-ல வெளியிட்டாங்க. அவங்க 'ஆமா, இல்ல'ன்னு கேக்கவே இல்ல பாருங்க, மார்க் போட சொன்னாங்க, ஏன்னா ரெண்டு கோடிக்கும் நடுவுல ஏகப்பட்ட வார்த்தை நிக்குது. ஆனா பரீட்சை பேப்பர்ல மூணே கால்னு எழுத முடியாது, அதனால ரென் அண்ட் மார்ட்டின் படிச்சு எழுதுற பரீட்சைன்னா மியூசிக்கை அப்ஸ்ட்ராக்ட்ல போட்டுடுங்க.

பேய் எதுல வரும்? கடவுள் எதுல வருவார்?
– வாசகர், தேனி

பேய் கான்கிரீட். இருக்கா இல்லையாங்கிறது கிராமருக்கு கவலை இல்ல, இருந்தா வெள்ளை சேலையோட கண்ணுக்கு தெரியும், கொலுசு சத்தம் காதுல கேக்கும், அவ்வளவுதான் வேணும். ஒத்தைக் கொம்பு குதிரையும் இதே கணக்கு. கடவுளை பத்தி எழுதினா எனக்கு அடுத்த இதழும் போயிடும், உங்க வீட்ல எப்படியோ அப்படியே வச்சுக்குங்க.

அக்கா, போட்டித் தேர்வுக்கு படிக்கிறேன். கோச்சிங்ல 'நெஸ், ஷன், மென்ட், இட்டி, ஹுட், ஷிப், டம்ல முடிஞ்சா கண்ணை மூடிட்டு அப்ஸ்ட்ராக்ட் போடு'ன்னு சொல்லிக் கொடுத்தாங்க. மாடல் டெஸ்ட்ல மூணு மார்க் போச்சு. இந்த ஷார்ட்கட்டை நம்பலாமா?
– ஒரு தங்கச்சி, தருமபுரி

நம்பலாம்மா, ஆனா கண்ணை மூடாம.

பெரும்பாலும் சரியா வரும்ங்கிறதுதான் அந்த ஷார்ட்கட்டோட பலம். கைண்ட்னெஸ், எஜுகேஷன், பனிஷ்மென்ட், எபிலிட்டி, சைல்ட்ஹுட், ஃப்ரெண்ட்ஷிப், ஃப்ரீடம், எல்லாம் டக்கு டக்குன்னு வரும். அப்புறம் 'த்'ல முடியுற ஒரு பழைய கூட்டம் இருக்கு, லென்த், ஸ்ட்ரென்த், டெப்த், ட்ரூத், க்ரோத், உங்க லிஸ்ட்ல அதை விட்டுட்டாங்க போல, சேர்த்துக்கோ. இதையெல்லாம் விட பரீட்சையில மார்க்கை முழுங்குறது கடைசியில இந்த மாதிரி வால் இல்லாத வார்த்தைங்கதான். ப்ரவுடுக்கு ப்ரைடு, புவருக்கு பாவர்ட்டி, சூஸுக்கு சாய்ஸ், ஃப்ளைக்கு ஃப்ளைட், லூஸுக்கு லாஸ், ஹாட்டுக்கு ஹீட். இதுக்கு எந்த விதியும் இல்ல, வாய்ல சொல்லி சொல்லி பழகணும், அவ்வளவுதான்.

இப்ப உன்னை கவுத்த மூணு எதுவா இருக்கும்னு யோசிச்சேன். சிட்டி, ஸ்டேஷன், விட்னஸ், பேவ்மென்ட், இந்த மாதிரி ஏதாவதா இருக்கணும். சிட்டி 'இட்டி'ல முடியுது, ஆனா அது ஊரு, பஸ்ல போய் இறங்கலாம். ஸ்டேஷன் 'ஷன்'ல முடியுது, அங்க டிக்கெட் எடுக்கலாம். விட்னஸ் கூண்டுல ஏறி நிக்குற ஆளு.

ஆனா சுவாரசியம் எங்க இருக்குன்னா, இந்த மூணுமே ஒரு காலத்துல அசல் அப்ஸ்ட்ராக்ட்தான்! சிட்டிங்கிற சொல் லத்தீன்ல 'சிவிடாஸ்'ல இருந்து வந்துது, அதுக்கு முதல் அர்த்தம் குடிமகனா இருக்குற நிலை. அந்த நிலையில இருக்குறவங்க கூட்டத்துக்கு அந்த பேர் வந்து, அப்புறம் அவங்க இருக்குற ஊருக்கே வந்து, இறுகிடுச்சு. ஸ்டேஷன்னா முதல்ல நிக்கிறது, நிக்குற அந்த செயல். அப்புறம் நிக்குற இடம். விட்னஸ் பழைய இங்கிலீஷ்ல அறிவு, சாட்சியம்னு ஒரு அருவமான பேரு, கைண்ட்னெஸ்ல வர்ற அதே நெஸ்தான் அதுலயும் இருக்கு, பின்னால சாட்சி சொல்ற ஆளோட பேரா மாறிடுச்சு. ஓசூர் இன்ஜினியர் சார், நான் மேல சொன்னேன்ல, செட் ஆகுறதுன்னு, அது இதுதான். ஈரமா ஓடிட்டு இருந்த வார்த்தை நாள்பட இறுகி பொருளாயிடுது. இன்னைக்கு நம்ம கண்ணு முன்னாடியே பில்டிங், பெயிண்டிங் ரெண்டும் பாதி செட் ஆன நிலையில இருக்கு பாரு, கட்டுறதும் பில்டிங், கட்டி முடிச்சதும் பில்டிங்.

அதனால வாலை பாத்ததும் பேனாவை எடுக்காதே, ஒரு செகண்ட் நில்லு, "இதுக்குள்ள போக முடியுமா, இதை புடிக்க முடியுமா, இது ஆளா"ன்னு கேட்டுட்டு அப்புறம் எழுது. அந்த ஒரு செகண்ட்லதான் உன் மூணு மார்க் இருக்கு.

நான் தமிழாசிரியர். அப்ஸ்ட்ராக்ட் நவுனை எங்க பசங்களுக்கு 'பண்புப்பெயர்'னு மொழிபெயர்த்து சொல்றேன். இங்கிலீஷ் சார் அது தப்புங்கிறார். யார் சரி டீச்சர்?
– ஓர் ஆசிரியர், விழுப்புரம்

ஐயா, பாதி நீங்க சரி, மீதி பாதி உங்க கையிலயே இருக்கு, நீங்க எடுத்து கொடுக்கல.

13-ம் நூற்றாண்டுல பவணந்தியார் நன்னூல்ல பெயரை ஆறா பிரிச்சு வச்சிருக்கார், பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில். இங்கிலீஷ்காரங்க ஒரே கூடையில போட்டு அப்ஸ்ட்ராக்ட்னு எழுதினதை நம்மாளு மூணு கூடையில பிரிச்சிருக்கார். நேர்மை, அழகு, வறுமை இதெல்லாம் பண்புப்பெயர். ஓடுதல், வருகை, ஆட்டம் இதெல்லாம் தொழிற்பெயர், இங்கிலீஷ்ல இதுவும் அப்ஸ்ட்ராக்ட்தான், மூவ்மென்ட், அரைவல் மாதிரி. நாள், வாரம், வருஷம் இதெல்லாம் காலப்பெயர், இங்கிலீஷ்ல வீக், இயர் எல்லாம் அப்ஸ்ட்ராக்ட் பக்கம்தான் போகும். ஆக பண்புப்பெயர் எல்லாம் அப்ஸ்ட்ராக்ட், ஆனா அப்ஸ்ட்ராக்ட் எல்லாம் பண்புப்பெயர் இல்ல. பொதுவா ஒரு பேர் வேணும்னா கருத்துப்பொருள், காட்சிப்பொருள்னு சொல்லிக் கொடுங்க, ஆனா காட்சின்னதும் பசங்க கண்ணு மட்டும்னு நினைச்சுக்குவாங்க, கரூர் பொண்ணு கதை ஆயிடும், பாத்துக்குங்க.

இங்கிலீஷ்ல நெஸ் எப்படியோ அப்படி நமக்கு 'மை'. பொறுமை, இளமை, வெண்மை. ஆனா எருமையும் ஆமையும் கூட மைலதான் முடியுது, அதை யாரும் பண்புப்பெயர்னு சொல்றது இல்ல. தருமபுரி தங்கச்சிக்கு சிட்டி எப்படியோ நம்ம பசங்களுக்கு எருமை அப்படி, இதை வகுப்புல சொல்லிப் பாருங்க, சிரிச்சுக்கிட்டே புரிஞ்சுக்குவாங்க.

அதை விட பெரிய விஷயம் ஒண்ணு உங்ககிட்ட இருக்கு, ஆகுபெயர். பொங்கல் உண்டான், தொழிலாகுபெயர்னு நீங்கதானே நடத்துறீங்க? பொங்குற செயலோட பேரு இலையில வச்ச சோத்துக்கு ஆகி வந்துச்சு. வெள்ளை அடிச்சான், பண்பாகுபெயர், நிறத்தோட பேரு சுண்ணாம்புக்கு ஆகி வந்துச்சு. பொரியல், வறுவல், அவியல், துவையல்னு நம்ம இலை முழுக்க இறுகிப்போன தொழிற்பெயர்தான் கிடக்கு! இங்கிலீஷ்ல பில்டிங், பெயிண்டிங்னு வர்றது அச்சு அசலா இதேதான், ஆனா இங்கிலீஷ் ஸ்கூல் கிராமர்ல இதுக்கு தனியா பேர் வச்சு நடத்துறது இல்ல, நாம நடத்துறோம். உங்க இங்கிலீஷ் சாரை கூப்பிட்டு ஒரு நாள் இந்த பாடத்தை நீங்க எடுங்க, அவர் கேக்கட்டும்.

ப்ராப்பர், காமன், கலெக்டிவ், மெட்டீரியல், அப்ஸ்ட்ராக்ட்னு அஞ்சு வகை படிச்சோம். இதுல கான்கிரீட் எங்க? வாட்டர் மெட்டீரியலா கான்கிரீட்டா?
– பத்தாம் வகுப்பு மாணவன், பெரம்பலூர்

ரெண்டும்டா கண்ணா. அந்த அஞ்சையும் ஒரே வரிசையில நிக்க வச்சதுதான் தப்பு. கான்கிரீட்ங்கிறது குடை, வாட்டர், கோல்டு மாதிரி மெட்டீரியல், டேபிள், டாக் மாதிரி காமன், மந்தை, கூட்டம் மாதிரி கலெக்டிவ், எல்லாம் அதுக்கு கீழதான் வரும். நீ ஒரே நேரத்துல பத்தாவது மாணவனாவும் பெரம்பலூர்காரனாவும் இருக்கல்ல, அப்படி. ப்ராப்பர் நவுன் ரெண்டு பக்கமும் இருக்கும், காவேரின்னா கான்கிரீட், புத்திசம்னா பெரிய எழுத்துல ஆரம்பிச்சாலும் அப்ஸ்ட்ராக்ட்.

மேடம், ஐ.டி.ல இருக்கேன். இந்த அப்ஸ்ட்ராக்ட் கான்கிரீட் தெரிஞ்சு எனக்கு என்ன ஆகப்போகுது? நான் எழுதுற மெயில்ல 'அட்வைசஸ்'னு போட்டதுக்கு கிளையன்ட் முன்னாடி மேனேஜர் திருத்தினார், மானம் போச்சு.
– வாசகர், சென்னை

உண்மையை சொல்லட்டுமா தம்பி, இங்கிலீஷ் எழுதுறதுக்கு அந்த பிரிவு நேரடியா அவ்வளவா உதவாது. ஒரு வார்த்தை அப்ஸ்ட்ராக்டா இல்லையான்னு தெரிஞ்சா வாக்கியம் மாறிடாது. வாக்கியத்தை மாத்துறது எண்ண முடியுமா முடியாதாங்கிற கணக்கு, உங்களை கவுத்தது அதுதான். "அட்வைஸ் அப்ஸ்ட்ராக்ட், அப்ஸ்ட்ராக்டுக்கு ப்ளூரல் இல்ல"ன்னு ஸ்கூல்ல சொல்லியிருப்பாங்க. பாதி பொய். ஐடியாவும் அப்ஸ்ட்ராக்ட்தான், ஐடியாஸ்னு சொல்றோம். ப்ராப்ளம்ஸ், ட்ரீம்ஸ், மிஸ்டேக்ஸ், நம்ம ஊரு டவுட்ஸ், எல்லாத்துக்கும் எஸ் போடுறோம். அந்த பக்கம் ஃபர்னிச்சர் பக்கா கான்கிரீட், கால்ல இடிச்சா வலிக்கும், ஆனா ஃபர்னிச்சர்ஸ்னு சொல்லக்கூடாது, லக்கேஜ், எக்விப்மென்ட்டும் அப்படியே. அட்வைஸ், இன்ஃபர்மேஷன், நாலெட்ஜ், ஹோம்வொர்க், இதுக்கெல்லாம் எஸ் கிடையாது, வேணும்னா 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்'னு துண்டு போட்டுக்கலாம்.

அப்ஸ்ட்ராக்ட் தெரிஞ்சா உதவுற ஒரு இடம் 'தி'. பொதுவா ஒரு குணத்தை சொல்லும்போது முன்னாடி 'தி' வராது. 'ஹானஸ்டி இஸ் தி பெஸ்ட் பாலிசி', இதுல ஹானஸ்டிக்கு முன்னாடி ஒண்ணும் இல்ல பாருங்க. யாரோட நேர்மைன்னு குறிச்சு சொன்னா வரும், 'தி ஹானஸ்டி ஆஃப் தி டிரைவர்'னு. 'தி லைஃப் இஸ் ஷார்ட்'னு ஸ்டேட்டஸ் போடுறவங்க இதை படிச்சா நல்லது.

இன்னொரு இடமும் இருக்கு, அதுதான் எனக்கு முக்கியம். ஆபீஸ் மெயில்ல அப்ஸ்ட்ராக்ட் நவுன் கொசு மாதிரி பெருகுது. 'வீ டிசைடட்'னு ரெண்டு வார்த்தையில முடியுறதை 'எ டிசிஷன் வாஸ் டேக்கன் ஃபார் தி இம்ப்ளிமென்டேஷன் ஆஃப்'னு எழுதி இழுக்குறாங்க, கடைசியில யார் டிசைட் பண்ணாங்கன்னே தெரியாது, சில பேருக்கு அது தெரியக்கூடாதுங்கிறதுதான் நோக்கமே. நம்ம பேப்பர்ல 'போலீசார் விசாரணை மேற்கொண்டனர்'னு போடுறதும் இதே வியாதிதான், விசாரிச்சாங்கன்னு சொன்னா என்ன குறைஞ்சு போகுது? உங்க அடுத்த மெயிலை அனுப்புறதுக்கு முன்னாடி ஷன், மென்ட்ல முடியுற வார்த்தைக்கெல்லாம் கீழ கோடு போட்டு பாருங்க, ஒரே வரியில மூணு இருந்தா அதுல ரெண்டையாவது வினைச்சொல்லா மாத்திடலாம். மேனேஜருக்கும் இதை ஃபார்வர்ட் பண்ணலாம், ஆனா நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.

டீச்சர், வடையில நடுவுல ஓட்டை இருக்குல்ல, அந்த 'ஹோல்' கான்கிரீட்டா அப்ஸ்ட்ராக்டா? எங்க கிளாஸ்ல கேட்டதுக்கு வெளிய நிக்க வச்சுட்டாங்க.
– ஏழாம் வகுப்பு மாணவன், கும்பகோணம்

உன்னை வெளிய நிக்க வச்சது அநியாயம், இந்த பக்கத்துக்கு வந்ததுலயே பெஸ்ட் கேள்வி இதுதான். பரீட்சைக்குன்னா கான்கிரீட்னு எழுது, கண்ணுல தெரியுது, விரலை விட்டு சுத்தலாம். ஆனா ஓட்டைங்கிறது ஒண்ணுமே இல்லாத இடம்தானே, ஒண்ணுமே இல்லாததை எப்படி பாக்குறோம்னு நீ கேட்டா எனக்கும் தலை சுத்தும். பெரிய பெரிய தத்துவக்காரங்களே இதுக்கு அடிச்சுக்கிட்டிருக்காங்க. டேவிட் லூயிஸ், ஸ்டெஃபனி லூயிஸ்னு ரெண்டு பேர் 1970-ல 'ஓட்டைகள்'னே தலைப்பு வச்சு, ரெண்டு பேர் விவாதம் பண்ற மாதிரி ஒரு கட்டுரை எழுதினாங்க. அதுல உலகத்துல பொருளை தவிர எதுவுமே கிடையாதுன்னு சாதிக்கிற ஒருத்தர், ஓட்டையை சுத்தி இருக்குற அந்த ஓரம் இருக்கே, அதுதான் ஓட்டைங்கிறார்.

அவர் சொல்றது சரின்னா, வடையில முறுகலா இருக்குற அந்த உள் வளையம்தான் ஓட்டை. நான் சின்ன வயசுல இருந்து அதைத்தான் முதல்ல சாப்பிடுவேன்.